எங்கிருந்து வர்றீங்க? யாரோட வண்டி?

பைக்கிலிருந்து இறங்கும் பெண்ணிடம் கேட்கப்படும் முதல் கேள்வியை வைத்தே அவள் எந்தச் சாலையில் ஓட்டுகிறாள் என்று சொல்லிவிடலாம். நெதர்லாந்தைச் சேர்ந்த நொராலி ஸ்கூன்மாக்கரின் பயண வீடியோக்களைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு இது தெரியும். எந்த நாட்டில், எந்தக் கடை முன்னால் வண்டியை நிறுத்தினாலும் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய், தனியாகவா என்று கேட்பார்கள். என் அக்கா மகள் சென்னையில் பைக் ஓட்டி வீடியோ போடுகிறாள். அவளிடம் வீட்டுக்குப் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் கேட்கப்படுவது வேறு கேள்வி: "யாரோட வண்டிம்மா?"

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைத்தான் சில மாதங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். இருவரையும் ஒரே தராசில் வைப்பது பொருந்தாது என்று சிலர் சொல்லலாம். அவரை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பின்தொடர்கிறார்கள், இவளைச் சில ஆயிரம் பேர். அவர் கண்டங்களைக் கடக்கிறார், இவள் பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போய்த் திரும்புகிறாள். ஆனால் செய்யும் வேலை ஒன்றுதான். ஹெல்மெட்டில் ஒரு கேமரா, தாடைப் பஞ்சுக்குள் ஒரு மைக், கைகளில் கிளட்சும் ஆக்சிலரேட்டரும். ஓட்டிக்கொண்டே பேச வேண்டும், பேசிக்கொண்டே விழாமல் இருக்க வேண்டும்.

முதலில் நொராலி. 1987இல் பிறந்தவர், படிப்பால் நிலவியலாளர். வேலையை விட்டு இந்தியாவுக்கு வந்தவர் இங்கே ஒரு ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் வாங்கி, 2018இல் அதிலேயே நெதர்லாந்துக்குக் கிளம்பினார். கிழக்கே மியான்மர், தாய்லாந்து, மலேசியா என்று போய், பிறகு ஈரான், மத்திய ஆசியா வழியாக ஊர் சேர்ந்தார். அடுத்து படகோனியாவிலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்ட பயணத்தை 2020 மார்ச்சில் பெருவில் கொரோனா நிறுத்தியது. அதற்குப் பிறகு ஆப்பிரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவின் சேற்றுச் சாலைகளில் அவர் வண்டியை இழுத்துக்கொண்டு போராடும் காட்சிகளை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

தன் முதல் ஹிமாலயனுக்கு அவர் வைத்த பெயர் பசந்தி. இரண்டாவதற்கு தன்னோ. 1975இல் வந்த 'ஷோலே' படத்தில் ஹேமமாலினி ஏற்ற பாத்திரத்தின் பெயர் பசந்தி, அவள் குதிரையின் பெயர் தன்னோ. பசந்தி குதிரை வண்டி ஓட்டிப் பிழைப்பவள். நம் சினிமாவில் வண்டி ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட பெண் பாத்திரங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களில் ஒருத்தியை ஒரு டச்சுப் பெண் தேடிப் பிடித்தது எனக்கு இன்றும் ஆச்சரியம். அந்த பசந்தி பிறந்த இடமும் நமக்குத் தூரமில்லை. 1950களிலேயே திருவொற்றியூரில் புல்லட் செய்ய ஆரம்பித்த நிறுவனத்தின் வண்டி அது, சென்னைப் புறநகரில் செய்யப்பட்டது. உலகம் சுற்றிய அந்த பைக்குக்கும் என் அக்கா மகளின் பைக்குக்கும் தாய்வீடு ஒன்றுதான்.

இவளுடையது ஹன்டர் 350. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், முதல் இரண்டு வருடச் சம்பளத்தில் சேர்த்த பணத்தில் வாங்கினாள். பெயரை இங்கே எழுதக் கூடாது என்பது அவள் நிபந்தனை. அவள் சேனலிலும் அவள் பெயர் கிடையாது, முகமும் கிடையாது.

ஓட்டுபவரின் உடம்பிலிருந்து ஒப்பீட்டைத் தொடங்குவதுதான் நியாயம் என்று நினைக்கிறேன். பழைய ஹிமாலயனின் இருக்கை தரையிலிருந்து 800 மில்லிமீட்டர் உயரம், எடை 190 கிலோவை ஒட்டி இருக்கும். ஹன்டரின் இருக்கை 790, எடை 181 கிலோ. காகிதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் உலகிலேயே உயரமானவர்கள் டச்சுக்காரர்கள். என் அக்கா மகள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல். இருக்கையில் உட்கார்ந்தால் அவளுக்கு இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படாது, நுனிக்கால்தான். நெடுஞ்சாலையில் இது பெரிய விஷயமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தப்போகிறோம், மேடாகப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம். நகரத்தில் இருநூறு மீட்டருக்கு ஒருமுறை நிற்க வேண்டும். மெட்ரோவுக்காகத் தோண்டி மூடிய சாலையில், ஒரு பக்கம் சரிந்த தாரில், பின்னால் மாநகரப் பேருந்து உறுமிக்கொண்டிருக்க, இடது காலை ஊன்றும் இடம் ஒரு கை அகலம் தாழ்ந்திருந்தால் 181 கிலோவும் அந்தப் பக்கமே சாயும். தூக்கி நிறுத்தும் வரை சாலையே பார்க்கும்.

நொராலியின் வீடியோக்களில் வண்டி விழும் காட்சிகள் உண்டு. விழுந்தால் சிரித்துவிட்டு, கேமராவை எங்காவது வைத்துவிட்டு, வண்டியைத் தூக்குவார். அது பயணத்தின் சுவாரசியம். இவளும் ஒருமுறை டவுட்டன் அருகே சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்தாள், நான்கு பேர் ஓடிவந்து தூக்கிவிட்டார்கள். நல்ல மனிதர்கள். அவர்களில் ஒருவர் சொன்னார்: "ஸ்கூட்டி எடுத்துருக்கலாம்ல?" அந்தக் காட்சியை அவள் வீடியோவில் சேர்க்கவில்லை. ஏன் என்று கேட்டேன். "அது போட்டா, 'பாத்தியா, சொன்னோம்ல'ன்னு ஆகிடும் சித்தி" என்றாள். வழிப்போக்கர் விழுந்தால் அது அவருக்கு நேர்ந்த விபத்து, உள்ளூர்க்காரி விழுந்தால் எல்லாப் பெண்களுக்கும் எதிரான சாட்சி. எனக்கு இது மிக வருத்தமான விஷயம், ஏனென்றால் விழுந்து எழுவதைக் காட்டத்தான் ஒரு வீடியோ வேண்டும்.

கேமராவின் பார்வையிலும் இருவருக்கும் வேறுபாடு பெரிது. நொராலியிடம் ட்ரோன் இருக்கிறது. பாலைவனத்தின் நடுவில் ஒரு கோடு, கோட்டில் ஒரு புள்ளி, அந்தப் புள்ளிதான் அவர். மேலிருந்து பார்க்கும்போது தனிமைக்கு ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. சென்னையில் அது நடக்காது. 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் ஒருபுறம். விமான நிலையம், துறைமுகம், தலைமைச் செயலகம், ராணுவ இடங்கள் என்று நகரத்தின் வானம் முழுக்க வேலி. முன் அனுமதி இல்லாமல் எதையும் பறக்கவிட முடியாது. ஹெல்மெட் கேமராவுக்கே சிக்கல் வந்ததுண்டு. 2022இல் கேரள மோட்டார் வாகனத் துறை, ஹெல்மெட்டில் கேமரா பொருத்துவது விபத்தில் ஆபத்து என்று தடை போட்டது. ஆக நகரத்துப் பெண்ணின் வீடியோ தண்ணி லாரியின் டயர் உயரத்திலிருந்து மட்டுமே எடுக்கப்படுகிறது. ஷேர் ஆட்டோவின் பின்பக்க எழுத்து, பேருந்துப் படிக்கட்டில் தொங்குபவரின் செருப்பு, முன்னால் போகும் வண்டியில் அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கும் பள்ளிக்கூடப் பையன். இந்த உயரத்திலிருந்து இந்த நகரத்தை இதற்கு முன் ஒரு பெண்ணின் கண்ணால் பார்த்ததில்லை என்பது எனக்கு மூன்றாவது வீடியோவில்தான் உறைத்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பின்னால் உட்கார்ந்து போனேன். 2022 முதல் சென்னையில் பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று கெடுபிடி வந்துவிட்டது, அவளே எனக்கும் ஒன்று வைத்திருந்தாள். கிளம்புவதற்கு முன் அவள் செய்த ஏற்பாடுகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹெல்மெட்டின் தாடைப் பகுதியில் பசை ஒட்டிய பிடிமானம், அதில் கேமரா. மைக்கின் தலையில் சின்னதாக ஒரு பஞ்சு உறை. அதை உதட்டுக்கு நேரே வைக்காமல் கொஞ்சம் ஓரமாக வைத்து, ஒயரைக் கன்னப் பஞ்சுக்கு அடியில் செருகினாள். நேரே வைத்தால் ஒவ்வொரு மூச்சும் புயல் மாதிரி பதிவாகுமாம். பிறகு கண்ணாடியை மூடிக்கொண்டு, "ஒண்ணு, ரெண்டு, மூணு, புரசைவாக்கம்" என்று சொல்லிப் பதிவைக் கேட்டுப் பார்த்தாள். கடைசியாக ஒரு வேலை செய்தாள், அது எனக்குப் புரியவில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டே இரண்டு தெரு தாண்டி வந்த பிறகுதான் கேமராவை ஆன் செய்தாள்.

"வீட்டுத் தெரு வரக் கூடாது சித்தி."

அதே காரணத்தால்தான் நம்பர் பிளேட்டை மறைக்கிறாள், எடுத்த வீடியோவை ஒரு வாரம் கழித்துப் போடுகிறாள், வேலைக்குப் போகும் வழியை ஒருபோதும் முழுசாகக் காட்டுவதில்லை. நொராலி ஹெல்மெட்டைக் கழற்றி, கூந்தலை ஒதுக்கிவிட்டு, கேமராவை நேராகப் பார்த்துப் பேசுகிறார். நாளை அவர் அந்த ஊரில் இருக்கமாட்டார், முகத்தைக் காட்டுவதால் எதையும் இழக்கமாட்டார். இவள் நாளையும் நாளை மறுநாளும் அதே சிக்னலில் நிற்க வேண்டும். முகமில்லாத வீடியோ என்பது இவள் தேர்ந்தெடுத்த அழகியல் என்று நான் முதலில் நினைத்திருந்தேன், அப்படி ஒரு நண்பரிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். தப்பு. அது இந்த நகரத்தில் ஒரு பெண் கட்ட வேண்டிய வாடகை.

ஆனால் வாடகை கட்டிய இடத்தில் அவள் ஒரு வீடு கட்டியிருக்கிறாள், அதுதான் விசேஷம். முகம் இல்லாததால் குரல்தான் எல்லாம். எக்மோர் தாண்டி பாந்தியன் சாலையில் போகும்போது அவள் பேசியதை என் ஹெல்மெட்டுக்குள்ளும் அரைகுறையாகக் கேட்க முடிந்தது. இன்ன இடத்தில் மெட்ரோ வேலைக்காக வழி மாற்றியிருக்கிறார்கள், இந்த வளைவில் ஜல்லி கிடக்கும், மழை பெய்தால் இந்தப் பக்கம் வராதீர்கள், இங்கே லைட் எரியாது. கேட்பவர் ஒரு பெண் என்று வைத்துக்கொண்டே பேசுகிறாள். "இந்த எடத்துல ராத்திரி எட்டுக்கு மேல நான் வரமாட்டேன்" என்று சொல்லும்போது குரலில் பயமோ புகாரோ இல்லை, விவரம் மட்டும். அவள் போன பாதை ஏறக்குறைய மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோ மூன்றாவது வழித்தடத்தின் மேல்தான்: பெரம்பூர், புரசைவாக்கம், ஆயிரம் விளக்கு, மயிலாப்பூர், அடையாறு. அந்த ரயில் ஓடத் தொடங்கியதும் இந்தச் சாலை மறுபடி மாறிவிடும். பத்து வருடம் கழித்து, 2020களில் சென்னை எப்படித் தோண்டப்பட்டுக் கிடந்தது, அதற்குள் ஒரு பெண் எப்படி வழி கண்டுபிடித்தாள் என்று பார்க்க வேண்டுமானால், இந்த வீடியோக்களைத்தான் பார்க்க வேண்டியிருக்கும்.

அண்ணா மேம்பாலத்தில் ஏறும்போது ஒரு ஆட்டோக்காரர் பக்கத்தில் வந்து கையை ஆட்டினார். எனக்குள் எதுவோ இறுகியது. அவர் கத்தியது: "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" சைடு ஸ்டாண்ட் முழுசாக ஏறாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் காலால் தட்டிவிட்டு கட்டைவிரலைக் காட்டினாள், அவர் போய்விட்டார். ஸ்டாண்ட், துப்பட்டா, எரியும் இண்டிகேட்டர் என்று முன்பின் தெரியாதவர்களுக்காகக் கத்துகிற பழக்கம் இந்த ஊருக்கு உண்டு. நொராலிக்குக் கிடைக்கும் விருந்தோம்பல் உலகப் புகழ் பெற்றது. தேநீர் கொடுப்பார்கள், வீட்டில் தங்கச் சொல்வார்கள். நகரத்துப் பெண்ணுக்கு அப்படி யாரும் தேநீர் கொடுப்பதில்லை, இந்த ஒற்றைச் சொல்தான் கிடைக்கிறது. எனக்கு இது கொஞ்சமும் குறைந்ததாகத் தோன்றவில்லை. விருந்தாளியை உபசரிப்பது வேறு. சாலையில் கூட வருகிறவரைக் கவனிப்பது, அவரும் இந்தச் சாலைக்கு உரியவர் என்று ஒப்புக்கொள்வது.

அண்ணா மேம்பாலம் திறக்கப்பட்டது 1973இல். அதே வருடம்தான் ஆன்-ஃப்ரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஒரு கவாஸாகி 125இல் தனியாக உலகத்தைச் சுற்றினார். அப்படிச் சுற்றிய முதல் பெண் என்று அறியப்படுபவர். ஏன் கிளம்பினார் என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு முந்தைய வருடம் பாரிஸிலிருந்து ஈரானின் இஸ்ஃபஹானுக்கு நடந்த ஒரு கூட்டுப் பயணத்தில் மோட்டோ கூட்சி 750 ஓட்டிப் போய் வந்தார். அவர் முழுத் தூரமும் ஓட்டவில்லை, வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சுக்குப் பதிலாகத் தனியாகவே கிளம்பி, திரும்பி வந்து, புத்தகம் எழுதினார். அவர் கையில் கேமரா ஓடிக்கொண்டிருக்கவில்லை. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அவர் வார்த்தைதான் சாட்சி.

இப்போது அந்தச் சந்தேகத்துக்கு இடமில்லை. கேமரா எல்லாவற்றையும் பார்க்கிறது. ஆனால் நிரூபிக்கும் கட்டாயம் போகவில்லை, இடம் மாறிவிட்டது. நகரத்தில் பைக் வீடியோ போடும் பெண்களில் பலர் ஒரு வருடத்துக்குள் லடாக் கிளம்பிவிடுகிறார்கள். கார்துங் லா கணவாயின் பலகைக்கு முன் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால்தான் ரைடர் என்று ஒரு எழுதாத சட்டம். அந்தப் பலகையில் நெடுங்காலம் 18,380 அடி என்று எழுதியிருந்தது, கணவாயின் உண்மையான உயரம் 17,600 அடிக்குள்தான். பலகையே கொஞ்சம் கூட்டிச் சொல்லும் இடத்தில் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டியிருக்கிறது. லடாக் போவதில் தவறே இல்லை, எனக்கும் ஆசைதான். ஆனால் ஊரில் தினம் ஓட்டுவதை வெறும் பயிற்சியாகவும் மலையில் ஒருமுறை ஓட்டுவதைச் சாதனையாகவும் வைக்கும் கணக்கை நான் ஏற்கவில்லை. மலைக்குப் போகும் பெண்ணை "தைரியசாலி" என்று விதிவிலக்காக்கிவிடுவது சுலபம். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு புரசைவாக்கம் நெடுஞ்சாலையில் கியர் வண்டியில் வேலைக்குப் போகிறவளை விதிவிலக்கு ஆக்க முடியாது. அவள் பக்கத்தில் நிற்கிறாள், நம் வழியை மறிக்கிறாள், நாம் அவள் வழியை மறிக்கிறோம்.

கியர் வண்டி என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் இருசக்கர வாகனம் ஓட்டுவது புதிதல்ல. தொண்ணூறுகளில் ஸ்கூட்டி வந்ததிலிருந்து தெருவுக்குத் தெரு ஓட்டுகிறார்கள். 2018 பிப்ரவரி 24 அன்று தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டம், வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பாதி விலையை, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை, மானியமாகக் கொடுத்தது. மிக நல்ல திட்டம், அதனால் வேலையைக் காப்பாற்றிக்கொண்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த மானியமும் கியர் இல்லாத வண்டிக்குத்தான். ஸ்கூட்டரில் கால்களைச் சேர்த்து வைத்து உட்காரலாம், பைக்கில் காலைத் தூக்கிப் போட்டுத்தான் ஏற வேண்டும். நம் ஊரின் கோடு அங்கேதான் போடப்பட்டிருக்கிறது.

இந்தக் கோட்டை முதலில் அழித்தவர்கள் சென்னைக்காரிகள் அல்ல. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்த காலத்தில், ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். கல்குவாரியில் வேலை செய்தவர்கள், பூக்கட்டியவர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை, அதனால் நடுவில் கம்பி போட்ட ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். அந்தக் கம்பி சிலருக்குப் பிடித்தும்போனது, அதில் குழந்தையை உட்காரவைக்கலாம். பைக்கில் ஏறும் என் அக்கா மகளைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது நொராலியோ தோத்விலோ அல்ல, அந்தக் கம்பியைத் தாண்டிக் காலைப் போட்ட பெண்கள்தான். அவர்களுக்கு வீடியோ இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் பைக் வீடியோ என்றாலே பலருக்கு நினைவுக்கு வருவது 2023 செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே நெடுஞ்சாலையில் நடந்த ஒரு விபத்து. முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிய யூடியூபர் கைதானார், அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்து ஆண்டுகளுக்கு ரத்தானது. அந்த வகை வீடியோவில் சாலை வெறும் மேடை, மற்றவர்கள் தடைகள். நொராலியும் சரி, இவளும் சரி, அந்த இனமே இல்லை. இவள் வண்டி 50ஐத் தாண்டி நான் பார்க்கவில்லை. பெண்ணாக இருப்பதால் மெதுவாக ஓட்டுகிறாள் என்று நான் சொல்லமாட்டேன், அது இன்னொரு கோடு போடுவது ஆகும். சொல்ல நிறைய இருப்பதால் மெதுவாக ஓட்டுகிறாள்.

ஒப்பிடும்போது ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன் என்று எனக்கே தெரிகிறது, ஆகவே மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். நொராலியிடம் இருக்கும் கதை சொல்லும் திறமை நம் நகர வீடியோக்களில் மிகக் குறைவு. ஒரு நாளை எங்கே தொடங்குவது, எங்கே அமைதியாக விடுவது, எந்தத் தோல்வியை முழுசாகக் காட்டுவது என்று அவருக்குத் தெரியும். பாறையைப் பார்த்தால் அது எப்படி வந்தது என்று யோசிக்கும் நிலவியலாளரின் கண் அவருடையது. நிலம் அவருக்குப் பின்னணி அல்ல, பாத்திரம். இவளுடைய வீடியோக்களில் நடுவில் ஐந்து நிமிடம் ஒரு கையுறையைப் பற்றிய விளக்கம் வந்துவிடும், யாரோ இலவசமாகக் கொடுத்தது. அப்போது அந்தக் குரல் மாறிவிடும், அவளுடையதாக இருக்காது. நான் சொன்னேன், கோபித்துக்கொண்டாள். பெட்ரோல் செலவும் கேமரா பேட்டரியும் வானத்திலிருந்து வருவதில்லை என்றாள். அதுவும் நியாயம்தான். ஆனாலும் அந்த ஐந்து நிமிடத்தை நான் தாண்டித்தான் பார்க்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெளியூர்க்காரிக்குக் கிடைக்கும் மரியாதையில் ஒரு பகுதி அவர் தோலுக்கும் கடவுச்சீட்டுக்கும் கிடைப்பது என்று சிலர் சொல்வார்கள். உண்மை இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தை வைத்து அவர் உழைப்பைக் குறைப்பது எனக்குப் பிடிக்காது. சேற்றில் சாய்ந்த வண்டிக்குக் கடவுச்சீட்டு தெரியாது. என் குறை அவர் மேல் அல்ல, நம் மேல். தொலைவிலிருந்து வருகிற பெண்ணிடம் "எங்கிருந்து" என்று கேட்கத் தெரிந்த நமக்கு, பக்கத்துத் தெருவிலிருந்து வருகிறவளிடம் மட்டும் "யாரோட" என்று ஏன் வாய் வருகிறது? முதல் கேள்வி அவளை ஒரு பயணியாக வைத்துக் கேட்கிறது. இரண்டாவது, அந்த வண்டிக்குச் சொந்தக்காரன் அப்பாவோ அண்ணனோ கணவனோ எங்கோ இருக்கிறான் என்று முடிவுகட்டிவிட்டுக் கேட்கிறது. வண்டியை சர்வீஸுக்கு விட்ட இடத்தில் இவளிடம் சாவியை வாங்கிக்கொண்டு, கூட வந்த தம்பியிடம் பிரேக் ஷூவைப் பற்றி விளக்கினார்கள். அவனுக்கு இன்னும் லைசென்ஸே கிடையாது.

பெசன்ட் நகரில் காபி குடித்துவிட்டுத் திரும்பும்போது கேமராவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. அவள் முணுமுணுத்துக்கொண்டே அதைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். திரும்பும் வழியில் பேசாமல் ஓட்டினாள், நான் சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அடையாறு பாலம் தாண்டி, மந்தைவெளி தாண்டி, ஒரு பங்க்கில் பெட்ரோல் போட நின்றோம். காக்கிச் சட்டை போட்டு, பெரிய பொட்டு வைத்த ஒரு பெண் பெட்ரோல் பிடித்துக்கொண்டிருந்தார். முந்நூறு ரூபாய்க்கு என்றாள் இவள். அவர் ஜீரோவைக் காட்டினார், பிடித்தார், மூடியைத் திருகினார். பணத்தை வாங்கிக்கொண்டு உடனே நகரவில்லை. குனிந்து இவளுடைய பாதங்களைப் பார்த்தார்.

"கால் எட்டுதா?"

எங்கிருந்து என்றும் கேட்கவில்லை, யாருடையது என்றும் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் யாரோ ஹாரன் அடித்தார்கள். இவள் வண்டியை ஓரமாகத் தள்ளி ஸ்டாண்ட் போட்டுவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். ஒற்றைக் காலில் நின்று பூட்ஸைத் திருப்பிக் காட்டினாள். அடியில், குதிகாலிலிருந்து நுனி வரை, பெரம்பூர் மார்க்கெட்டில் செருப்புத் தைப்பவர் டயர் ரப்பரை வெட்டி ஒட்டியிருந்தார், அரை அங்குலம் இருக்கும். அந்தப் பெண் ஆள்காட்டி விரலால் அதைத் தடவிப் பார்த்தார்.

"எவ்ளோ வாங்குனாரு?"

"நூத்தம்பது, அக்கா. லெதர் ஷூவா இருந்தா எதுல வேணா ஒட்டித் தருவாரு."